இடுப்பு வைத்த உருளை

மச்சான் யாகப்பருக்குக் குடலிறக்கம் வெட்டி மன்னார் ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்தார்கள். பார்க்கப் போன அமிர்தநாயகத்தின் கண் முதலில் போனது மச்சானின் முகத்துக்கு அல்ல, கட்டிலடியில் குவிந்திருந்த தோடம்பழப் பைகளுக்கு. போன மாசியில் தனக்கு டெங்குக் காய்ச்சல் வந்து அதே வாட்டில் கிடந்தபோது வந்த பழங்களை அவர் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். அரைப் பைக்கு மேல் தேறவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி மெற்றில்டாவிடம், "உன்ர கொண்ணனுக்கு ஊரே பழக்கடையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கு. வெட்டினது வயித்தை, பாத்தால் கலியாண வீடு மாதிரிக் கிடக்கு" என்றார்.

இப்படிப்பட்டவர்தான் அமிர்தநாயகம். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. வேலையில் சுத்தம், கொடுக்கல் வாங்கலில் சுத்தம், ஞாயிறு பூசைக்குத் தவறமாட்டார். பேசாலையில் எவன் மாடி வீடு கட்டினாலும் அவருக்கு ஒன்றுமில்லை, எவன் மகன் கனடாவுக்குப் போனாலும் நல்லாயிருக்கட்டும் என்பார். மெற்றில்டாவின் தமையன் யாகப்பர் ஒரு புதுச் சட்டை போட்டால் மட்டும் அவருக்கு நெஞ்சுக்குள் உப்பு வைத்த மாதிரி இருக்கும்.

இளவட்டத்தில் இருவரும் ஒன்றாகத்தான் எஞ்சின் கழற்றிப் பழகினார்கள். பழுதான எஞ்சினைக் காதில் கேட்டே நோயைச் சொல்வதில் அமிர்தநாயகம் கெட்டிக்காரர். யாகப்பருக்கு அந்தக் காது இல்லை, ஆனால் வாய் நிறையச் சிரிப்பு இருந்தது. எஞ்சின் திருத்த வந்தவர்கள் திருத்தியவரை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று பகிடி விட்டவரோடு தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். அந்த நாளிலேயே அமிர்தநாயகத்துக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காத மனிதனின் தங்கையைக் கட்டினால் அவனுக்கு மேலே நிற்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, மெற்றில்டாவைக் கேட்டுக் கட்டினார். மாப்பிள்ளை மரியாதை ஒரு வருடம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு நாட்டில் சண்டை வந்தது.

தொண்ணூறில் அமிர்தநாயகமும் மெற்றில்டாவும் தலைமன்னாரில் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருபது வருடம் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே ஒரு லேத் பட்டறையில் அமிர்தநாயகத்துக்கு வேலை கிடைத்தது. இரும்பும் மரமும் கடைவதில் அவர் கை அங்கேதான் திருந்தியது. யாகப்பர் எங்கும் போகவில்லை. மடு மாதா கோயிலுக்கு ஓடினார், திரும்பி வந்தார், மறுபடி ஓடினார், செல் விழுந்து வெடித்ததில் இடது கையில் இரண்டு விரலைப் பறிகொடுத்தார். சண்டை முடிந்து, மீள்குடியேற்றம் என்று கூரைத்தகடும் சீமெந்தும் கொடுக்கத் தொடங்கிய பிறகு அமிர்தநாயகம் ஊர் வந்து சேர்ந்தார். கையோடு ஒரு பழைய லேத்தையும் கப்பலில் கொண்டுவந்திருந்தார். பேசாலையில் யாரிடமும் இல்லாத சாமான் அது.

ஊரார் வந்து பார்த்தார்கள், தடவினார்கள், "நல்ல சாமான்" என்றார்கள். பிறகு, "எஞ்சின் ஏதும் எண்டால் நாங்கள் யாகப்பரிட்டத்தான் குடுக்கிறனாங்கள். அவர்தானே அந்த நாளையில எங்களோட இருந்தவர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இருபது வருடம் கடலுக்கு அந்தப்பக்கம் இருந்ததற்கு இதுவா தண்டனை என்று அமிர்தநாயகம் லேத்துக்குத் துணி போர்த்தினார். அன்றிலிருந்து யாகப்பரின் ஒவ்வொரு நல்ல காரியமும் அவருடைய பங்கிலிருந்து வெட்டி எடுத்ததாகவே அவருக்குப் பட்டது.

இனி உருளையின் கதைக்கு வருவோம்.

மூன்று விரலோடு ஈர வலையை இழுப்பது எவ்வளவு சிரமம் என்று இழுத்தவனுக்குத்தான் தெரியும். யாகப்பர் தன் போட்டின் விளிம்பில் பூட்டுவதற்கு ஒரு சாமான் செய்தார். பூவரசம் கட்டையில் ஒரு உருளை, அதன்மேல் லொறி ரயரின் றப்பர் சுற்றி, பக்கத்தில் கைபிடி. சைக்கிள் செயினும் பின்சில்லின் பல்லும் வைத்திருந்தபடியால் கைபிடியை விட்டாலும் உருளை பின்னுக்குச் சுற்றாது. வலக்கையால் சுற்றினால் வலை தானாக ஏறும், இடக்கை சும்மா வழிகாட்டினால் போதும். எண்ணம் நல்ல எண்ணம்தான்.

கரையோடு வைத்துச் சோதித்த அன்று பாதி ஊர் கடற்கரையில் நின்றது. அமிர்தநாயகமும் போனார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார். யாகப்பர் சுற்றினார். வலை ஏறியது, ஏறின வேகத்தில் உருளையின் ஒரு ஓரத்துக்கு வழுக்கிப் போய்த் தண்ணீருக்குள் விழுந்தது. மறுபடி சுற்றினார், மற்ற ஓரத்தால் விழுந்தது. அமிர்தநாயகத்துக்கு உள்ளே கொடி ஏற்றித் திருவிழா தொடங்கிவிட்டது. அவரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

"மச்சான்! உன்ர உருளை உன்னை மாதிரியே வயிறு தள்ளிக்கொண்டு நிக்குது. இடுப்பு இல்லாததில சீலை நிக்குமோ? குமர்ப்பிள்ளை மாதிரி ஒரு இடுப்பு வைச்சுப் பார், வலை ஆசையாப் பிடிச்சுக்கொண்டு நிக்கும்!"

கடற்கரை விழுந்து விழுந்து சிரித்தது. வந்தநாள் தொடக்கம் அமிர்தநாயகத்தின் பகிடிக்கு ஊர் சிரித்தது அதுதான் முதல்தரம். அந்தச் சந்தோசத்தில் அவர் யாகப்பரின் முகத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை. யாகப்பர் சிரிக்காமல் உருளையின் நடுப்பகுதியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் நாள் காலையில் யாகப்பர் பட்டறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு புதுப் பூவரசங்கட்டை.

"மச்சான், நீ சொன்னதை நான் விடிய விடிய யோசிச்சனான். சரியாச் சொன்னனீ. நடுவில ஒடுக்கி விட்டால் வலை பாரத்தில தானா நடுவுக்கு இறங்கி இறுகும். பாரம் கூடக் கூடப் பிடியும் கூடும். உன்ர லேத்தில இதை இடுப்பு வைச்சுக் கடைஞ்சு தா. ரெண்டு பேருமாச் செய்வம். ரெண்டு பேற்ற பேரையும் போடுவம்."

அமிர்தநாயகம் ஒரு கணம் அசந்துபோனார். சொன்னது பகிடி. அதற்குள் இப்படி ஒரு சங்கதி இருப்பது அவருக்கே தெரியாது. ஆனால் உடனே விளங்கிவிட்டது, மச்சான் சொல்வது சரி. விளங்கியதும் அவருக்கு வந்தது சந்தோசம் இல்லை, எரிச்சல். தன் வாயிலிருந்து விழுந்ததைக்கூட இவன் குனிந்து பொறுக்கி எடுத்துவிட்டானே! இரண்டு பேரின் பேரையும் போட்டால் முதலில் யார் பேர்? ஊர் சொல்லும், யாகப்பர் தங்கச்சியின் புருசனையும் பாவம் பார்த்துச் சேர்த்துக்கொண்டான் என்று. இல்லாவிட்டால் கடலில் அது உடைந்து எவனுடைய கையையாவது விழுங்கும், அப்போது மட்டும் லேத்தில் கடைந்தவன் பேர் முன்னுக்கு வரும்.

"எனக்கு வேலை கிடக்கு" என்றார். "தோட்டவெளியில தச்சன் இருக்கிறான், வாச்சியால செதுக்குவான், அங்க கொண்டுபோ. உதில என்ர பேரை இழுக்காதை. நாளைக்கு எவன்ர கையாவது போனால் பொலிஸ் என்னைத் தேடும். நான் சொன்னதெண்டு ஒரு இடத்திலயும் வாய் திறக்கப்படாது. சத்தியம் பண்ணு."

"என்ன மச்சான், உதுக்கெல்லாம் போய்ச் சத்தியமோ?"

"பண்ணு!"

"சரி. அந்தோனியார்மேல சத்தியம். உன்ர பேர் என்ர வாயில வராது" என்றார் யாகப்பர். கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். குசினி யன்னலால் மெற்றில்டா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்? கடைஞ்சு குடுத்தால் என்ன தேய்ஞ்சோ போயிடுவீங்கள்?" என்று கேட்டாள். அமிர்தநாயகம் லேத்தைச் சத்தமாக ஓடவிட்டார்.

தோட்டவெளித் தச்சன் செதுக்கிய உருளை பார்க்க ஒரு பக்கம் கோணல்தான். ஆனால் வலை அதை விட்டு விலகவில்லை. மறுபடி கரையோடு வைத்துச் சோதித்தபோது, யாகப்பர் ஒற்றைக்கையால் சுற்ற, நண்டும் திருக்கையுமாக வலை முழுதும் போட்டுக்குள் வந்து விழுந்தது. அவருக்கு வந்த சந்தோசத்தில் முதல் செய்த வேலை, உருளையைக் கழற்றித் துடைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனது. பேசாலையில் அதுதான் வழக்கம். புதுப் போட் என்றாலும் வலை என்றாலும் எஞ்சின் என்றாலும் பங்குச் சுவாமி மந்திரிக்காமல் கடலில் தொழிலுக்கு இறங்காது. வெற்றிமாதா திருவிழா அன்று, பூசை முடிந்து சனம் கலையுமுன், கோயில் முற்றத்தில் மேசை போட்டு, உருளைக்கு மாலை போட்டு, சுவாமி செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். சுற்று வட்டாரத்துச் சனமெல்லாம் கைபிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. பின்னால் நின்ற அமிர்தநாயகத்தின் சட்டையிலும் தீர்த்தம் தெறித்தது. அவர் லேஞ்சியால் துடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தன் பகிடி மச்சானின் போட்டில் பூட்டுப்பட்டுக் கடலுக்குப் போவதைத் தினம் தினம் பார்க்கவேண்டியிருந்தது. "இடுப்பு என்ன மாதிரி வேலை செய்யுது தெரியுமோ!" என்று யாரோ சொன்னால், "அது நான் சொன்னது" என்று நெஞ்சுவரை வந்து தொண்டையில் நிற்கும். சொல்லவும் முடியாது. கடற்கரையில் சிரித்தவர்கள் அதை வெறும் பகிடியாகவே மறந்துபோனார்கள், சத்தியம் வாங்கியதும் அவர்தானே! இரவல் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம், எறிந்ததை எப்படிக் கேட்பது? சாப்பாடு இறங்கவில்லை. உருளை எப்போது உடையும் என்று காத்திருந்தார். அந்தக் கோணல் கட்டை உடையவே இல்லை.

இரண்டு திருவிழா கழிந்தது. ஒருநாள் மீனவர் சங்கத் தலைவர் யாகப்பரிடம் வந்து, மாவட்ட அலுவலகமான மன்னார்க் கச்சேரிக்குக் கொழும்பிலிருந்து ஆக்கள் வருகிறார்கள், புதிதாக ஏதும் கண்டுபிடித்தவர்களுக்கு ஆக்கவுரிமை எடுக்க வழி சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றார். ஒருவன் கண்டுபிடித்ததை அவனைக் கேட்காமல் வேறு எவனும் செய்து விற்க முடியாது என்று அரசாங்கம் பேர் பொறித்துக் கொடுக்கும் உரித்து அது. யாகப்பருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அமிர்தநாயகத்துக்குத் தெரியும். மண்டபத்துப் பட்டறை முதலாளி கயிறு திரிக்கும் மெசின் ஒன்று செய்து, ஆசைப்பட்டு அதை முதலில் பொருட்காட்சியில் வைத்து, பிறகு உரிமை கேட்கப் போனபோது, "ஊருக்கே காட்டிவிட்ட பிறகு இது புதுசு இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கதையை அமிர்தநாயகம் முகாமில் மெற்றில்டாவுக்கு ஒரு நூறு தரமாவது ருசித்து ருசித்துச் சொல்லியிருப்பார். முதலாளிமேலும் அவருக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது.

கச்சேரிக்கு மூன்று பேருமாகத்தான் போனார்கள். உருளையைத் தூக்க ஆள் வேண்டும் என்று யாகப்பர் கேட்டார். மெற்றில்டா தமையனுக்கு நல்ல காரியம் நடக்கப் போகிறது என்று சீலை உடுத்திப் புறப்பட்டாள். அமிர்தநாயகம் ஏன் போனார் என்று கேட்டால், போகாமல் வீட்டில் இருந்து நினைத்துக்கொண்டிருப்பது இன்னும் கொடுமை.

கொழும்பிலிருந்து வந்திருந்தவர் மங்கையற்கரசி என்ற உத்தியோகத்தர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உருளையைத் தானே சுற்றிப் பார்த்தார், ஒரு நூல்கயிற்றைப் போட்டு இழுத்தும் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"வலை இழுக்கிற உருளை உலகத்தில எத்தனையோ இருக்கு. எஞ்சினில ஓடுறது, பெரிய கப்பல்களுக்கு. சின்ன போட்டுக்குக் கையால சுத்துற மாதிரி, பின்னுக்கும் போகாம, இப்படி இடுப்பும் வச்சு நான் பாக்கல்ல. இந்த இடுப்புத்தான் முக்கியம். இந்த யோசனை எப்பிடி வந்தது உங்களுக்கு?"

யாகப்பர் அமிர்தநாயகத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை ஒரு கேள்விதான். சொல்லட்டோ மச்சான் என்று கேட்டது. அமிர்தநாயகம் ஒரு சின்னத் தலையசைப்பு அசைத்திருந்தால் போதும். ஆனால் இவன் கேட்டு நான் பிச்சை வாங்குவதா என்று அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். யாகப்பர் பாவம், சத்தியத்துக்குப் பயந்த மனிதர்.

"அது மிஸ், கடற்கரையில ஒருதன் பகிடிக்குச் சொன்னவன். நான் அதைப் பிடிச்சுக்கொண்டன்."

ஒருதன்!

அமிர்தநாயகத்துக்குக் காது அடைத்தது. லேத்தோடு கடல் கடந்து வந்தவன், எஞ்சினின் நோயைக் காதால் சொல்பவன், இந்த இடுப்பைப் பெற்றவன், கடைசியில் கடற்கரையில் நின்ற ஒருதன். பேரைச் சொல்லாதே என்று கட்டளை போட்டவர் தான்தான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில் இல்லை. பொறாமைக்கு ஞாபகசக்தி அப்படித்தான், வேண்டியதை மட்டும் வைத்திருக்கும்.

உத்தியோகத்தர் பேனையை எடுத்தார். "நல்லது. ஒரே ஒரு விசயம். இதை இதுக்கு முதல் எங்கயாவது நாலு பேர் பாக்கக் காட்சிக்கு வச்சீங்களா?"

"இல்லை மிஸ்" என்றார் யாகப்பர். பொய் சொல்லவில்லை. காட்சி என்றால் அவருக்குக் கண்ணாடிப் பெட்டி, ரிக்கற், மைக்செற்.

அமிர்தநாயகம் தொண்டையைச் செருமினார். குரலில் தேன் தடவிக்கொண்டார்.

"மிஸ், மச்சான் அடக்கமான ஆள், சொல்லமாட்டார். ரெண்டு வருசத்துக்கு முந்தித் திருவிழாவில கோயில் முற்றத்தில மாலை போட்டு வைச்சுச் சுவாமி மந்திரிச்சவர். மன்னார்த் தீவே வந்து சுத்திப் பாத்தது. அவ்வளவு மரியாதை இந்தச் சாமானுக்கு!"

"ஓம் மிஸ், ஓம்!" என்று யாகப்பர் பூரித்துப் போனார். மச்சான் தன்னைப் புகழ்ந்து பேசியது அன்றுதான் முதல்தரம். "மந்திரிக்காமல் நாங்கள் ஒண்டையும் கடலில இறக்கிறேல்லை. அது கடவுளுக்குக் காட்டினது மிஸ், ஆக்களுக்கு இல்லை. ஆனால் சனம் எண்டால் சனம், சொல்லி வேலையில்லை!"

உத்தியோகத்தர் பேனையை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, மெதுவாக, குழந்தைக்குக் கசப்பு மருந்து கொடுக்கிற குரலில் சொன்னார். நீங்களே காட்டியிருந்தாலும் ஒரு வருசத்துக்குள் வந்திருந்தால் சமாளித்திருக்கலாம். அது கடந்துவிட்டது. பலருக்குத் தெரிந்துவிட்ட பொருளுக்கு ஆக்கவுரிமை கிடையாது. இனி இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், யாரும் தடுக்க முடியாது. "ஏன்தான் அவ்வளவு கெதியாக் கோயிலுக்குக் கொண்டுபோனீங்களோ" என்று பெருமூச்சு விட்டார்.

யாகப்பர் கொஞ்ச நேரம் உருளையைத் தடவிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு வழமைபோல் சிரிக்கப் பார்த்தார். "மாதாவுக்கு முதல் காட்டாமல் அரசாங்கக் கந்தோருக்கோ முதல் காட்டுறது? பரவாயில்லை மச்சான், எல்லாரும் செய்யட்டும். வலை இழுத்து வாற நாரி நோவு எனக்கு மட்டுமோ?" என்றார். அமிர்தநாயகம் அவர் தோளில் கைபோட்டு, "கவலைப்படாதை" என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு வாய் கூசவில்லை. உண்மையில் மாதக்கணக்காக இறங்காத சாப்பாடு அன்று பகல் அவருக்கு ருசியாக இறங்கியது.

மெற்றில்டா சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து சீலை மாற்றிவிட்டு வந்து, பட்டறை வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மண்டபத்து முதலாளியின்ர கயிறு மெசின் கதையை எனக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பீங்கள்?"

அமிர்தநாயகம் அரத்தை எடுத்து இல்லாத பிசிறை ராவினார். அவள் அதைத் தமையனிடம் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு வீடும் பிரியும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அன்றிலிருந்து பின்னேரத் தேத்தண்ணி வெறுந்தேத்தண்ணியாக மட்டும் வந்தது. இருபத்தைந்து வருடமாகக் கோப்பையோடு வந்த பனங்கட்டித் துண்டு நின்றுவிட்டது. கேட்க அவருக்குத் துணிவில்லை.

யாரும் செய்யலாம் என்று ஆனதும் யாரிடம் லேத் இருக்கிறதோ அவனுக்குத்தான் யோகம். பேசாலையில், தாழ்வுபாட்டில், முசலிப் பக்கம் முள்ளிக்குளத்தில் என்று எல்லாக் கரையிலிருந்தும் உருளை கேட்டு அமிர்தநாயகத்திடம் வந்தார்கள். தச்சன் செதுக்கியது போலக் கோணல் இல்லை, நூல் பிடித்த மாதிரி இடுப்பு. அமிர்தநாயகம் தகரத்தில் எழுத்து வெட்டி, ஒவ்வொரு உருளையின் கட்டையிலும் சிவப்புப் பெயின்றால் 'அமிர்தம்' என்று அடித்தார். கடைசியில் தன் பொருள் தன்னிடம் வந்துவிட்டது, தெய்வம் நின்று கொடுக்கும் என்று சொல்லிக்கொண்டார்.

ஆனால் படலையில் மெற்றில்டா நின்றாள். வந்தவன், "அக்கா, அந்த வலை இழுக்கிற சாமான்..." என்று இழுத்தால், "ஓ, யாகப்பரோ? உள்ள வாங்கோ, யாகப்பர் ஒண்டு கடைஞ்சபடி கிடக்கு" என்பாள். மீன் வாங்கப் போகிற இடத்திலும் கோயிலடியிலும் கிணற்றடியிலும் அவளுக்கு அந்தச் சாமானுக்கு வேறு பேர் கிடையாது. சொல்ல வசதியான பேர், வாயில் ஒட்டிக்கொண்டது. உப்புத் தண்ணீர் பட்டுச் சிவப்பு எழுத்து ஒரு சோளகக் காற்றுக் காலத்துக்குள் போய்விடும். வாயில் இருந்த பேரை எந்தத் தண்ணீர் அழிக்கும்? "யாகப்பருக்குக் கொஞ்சம் கிறீஸ் போடு", "யாகப்பரைக் கழட்டி வை, காத்து வருது" என்று கரை முழுதும் குரல் கேட்டது. உண்மையான யாகப்பர் முதலில் வெட்கப்பட்டார், பிறகு அதையும் ஒரு பகிடியாக்கி, "என்னைத்தான் எல்லாரும் போட்டுச் சுத்துறாங்கள்" என்று சொல்லித் திரிந்தார். அமிர்தநாயகம் மட்டும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. 'உருளை' என்பார், 'சாமான்' என்பார், 'உது' என்பார்.

ஒரு பின்னேரம் எருக்கலம்பிட்டியிலிருந்து சாஹுல் ஹமீட் வந்தார். புத்தளத்தில் இடம்பெயர்ந்திருந்துவிட்டுத் திரும்பிவந்து புதிதாகப் போட் எடுத்தவர். முடித்து வைத்திருந்த இரண்டு உருளைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்ன பாஸ் இது, 'அமிர்தம்' எண்டு போட்டிருக்கு?"

"அதுதான் பேர், சாஹுல் நானா. நான் செய்யிறது."

"நீங்க செய்வீங்க, அது சரி. எனக்கு இந்த அமிர்தம் வேணாம் பாஸ். எங்கட ஆக்கள் சொல்லிவிட்டது யாகப்பர். பேர் வேறயா இருந்தா இது போலி எண்டு சொல்லுவாங்க. அசல் இல்லையா உங்களிட்ட?"

அமிர்தநாயகம் வாயைத் திறந்தார். இந்த இடுப்பு என்னுடையது, அந்தக் கடற்கரையில் நான்தான் சொன்னேன் என்று சொல்ல எழும்பிய சொல் பாதியில் நின்றது. அதைச் சொன்னால் மிச்சக் கதையையும் சொல்லவேண்டும். கச்சேரியில் சொன்னதையும் சொல்லவேண்டும். எதிரிக்குச் சகுனப்பிழை ஆகட்டும் என்று மூக்கை அறுத்தவன் ஊருக்கு என்ன முகத்தைக் காட்டுவது?

"அசல்தான்" என்றார்.

"அப்ப பேரைச் சுரண்டிப்போட்டுத் தாங்க. சும்மா கிடந்தாலே போதும், பாத்தா தெரியும் யாகப்பர் எண்டு."

அமிர்தநாயகம் உளியை எடுத்தார். அழியக்கூடாது என்று இந்தமுறை இந்தியாவிலிருந்து எடுப்பித்த பெயின்ற், கட்டைக்குள் ஊறியிருந்தது. லேசில் போகவில்லை. அழுத்தி அழுத்திச் சுரண்ட, சிவப்புத் தூள் மடியில் விழுந்தது. முதலில் 'அ' போனது. சாஹுல் ஹமீட் பொறுமையாகப் பக்கத்தில் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

குசினிக்குள்ளிருந்து மெற்றில்டாவின் குரல் வந்தது. "ஆரப்பா வந்திருக்கிறது?"

"சாஹுல் நானா."

"என்னவாம்?"

"ரெண்டு... சாமான் வேணுமாம்."

"என்ன சாமான்? விளங்கேல்லை."

அவளுக்கு விளங்கும் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். லேத்தும் ஓடவில்லை, சத்தத்துக்குள் ஒளிக்கவும் வழியில்லை. அமிர்தநாயகம் உளியை மடியில் வைத்துவிட்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"யாகப்பர். ரெண்டு யாகப்பர் வேணுமாம்."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ, அடுப்புச் சத்தத்தில கேக்கேல்லை."

"யாகப்பர்!" என்று அவர் கத்தினார். அடுத்த வளவு நாய் எழும்பிக் குரைத்தது. "யாகப்பர் வேணுமாம், யாகப்பர்! போதுமோ?"

பொறாமை அதோடு போய்விட்டதா என்றால், இல்லை. அந்தப் பேரை வாயால் சொன்னபோது முன்னெப்போதையும்விட அதிகமாக எரிந்தது. அவர் மறுபடி உளியை எடுத்துக் கடைசி எழுத்தின் புள்ளியைச் சுரண்டினார்.

மெற்றில்டா இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு வெளியே வந்தாள். ஒன்றைச் சாஹுல் ஹமீட்டிடம் கொடுத்தாள். மற்றதை அமிர்தநாயகத்தின் பக்கத்தில், சிவப்புத் தூள் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். தட்டில் ஒரு பனங்கட்டித் துண்டு இருந்தது.